‘பிச்சைச் சம்பளம்’: உழைக்க இயலாதோருக்கான அரச உதவியும் யாழ்ப்பாணக் குடாநாட்டு உழைப்பாளரும்

வறியோருக்கும் உடல் வலுவிழந்தோருக்கும் இலங்கை அரசு மாதந்தோறும் வழங்கிவரும் பொதுசன உதவிப்பணத்தை யாழ்ப்பாணத்துக் கிராமப்புற மக்கள் ‘பிச்சைச் சம்பளம்’ என்றே வழங்குவர். சிங்கள மக்களிடையே இதற்குப் ‘பின் படி’ என்பது பெயர். ‘பின்’ என்றால் புண்ணியம். ‘படி’ என்றால் சம்பளம். இரு மொழி வழக்குகளிலும் இச்சொல்லாக்கம் ஒரே முரண்பாட்டைத் தாங்கி நிற்கிறது. பெறுபவர் ஒரு காலத்தில் உழைத்தவர், அவருக்கு ஏதோ ஒன்று சேரவேண்டியுள்ளது என்பதைச் சொல்லின் பிற்பாதி ஒப்புக்கொள்கிறது. அது அவருக்கு உரியதன்று, பிறர் இரங்கி ஈவது என்று முற்பாதி அறிவிக்கிறது.

இம் முரண்பாடு வெறும் சொல்வழக்கோடு நின்றுவிடுவதில்லை. இலங்கையின் சமூகநலச் சட்டங்களிலும் நிர்வாக நடைமுறைகளிலும் அது ஆழமாகப் பதிந்துள்ளது. நோயாலோ விபத்தாலோ போராலோ உழைக்கும் ஆற்றலை இழந்த ஒருவருக்கு அரசின் உதவி எந்த அடிப்படையில் கிடைக்கிறது? அந்த அடிப்படை எவ்வாறு உருவாயிற்று? யாழ்ப்பாணக் குடாநாட்டின் கமத்தொழிலாளரும் கடற்றொழிலாளரும் சீவல் தொழிலாளரும் அதில் எந்த இடத்தில் நிற்கின்றனர்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உழைக்கும் ஆற்றலின் இழப்பே உதவிக்கு அடிப்படையாக அமைதல் வேண்டும். நடைமுறையிலோ உதவியானது ஒன்றில் சம்பளப் பதிவேட்டைப் பின்தொடர்கிறது. அன்றேல் வறுமைப் பட்டியலைப் பின்தொடர்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வெளியிலேயே குடாநாட்டின் உழைக்கும் மக்களுட் பெரும்பாலோர் நிற்கின்றனர் என்பது இங்கு நிறுவப்படும்.

1. அங்கவீனமும் உழைக்க இயலாமையும்

முதலில் இரு கருத்துகளை வேறுபடுத்திக்கொள்ளுதல் அவசியமாகும். அங்கவீனம் என்பது உடல் அல்லது உள்ளத்தின் நிலைபற்றியது. உழைக்க இயலாமை என்பது அந்நிலைக்கும் ஒருவர் செய்துவந்த தொழிலுக்கும் இடையிலான உறவுபற்றியது. வலக்கால் மூட்டு மடங்காத ஒருவர் எழுதுவினைஞராக இருந்தால் தமது கடமையைத் தொடரலாம். அதே நிலையிலுள்ள ஒருவர் தளநார் பூட்டிப் பனையேறுபவராக இருந்தால் அவரது தொழில் அன்றோடு முடிந்துவிடும். மருத்துவர் இருவருக்கும் ஒரே சான்றிதழைத் தரலாம். வாழ்க்கை அவ்விருவருக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

1967 ஆம் ஆண்டில் சர்வதேச தொழில் தாபனம் நிறைவேற்றிய 128 ஆம் இலக்கச் சமவாயம் இவ் வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்திருந்தது. வருவாய் தரும் தொழில் எதிலும் ஈடுபட இயலாமையையே அது உதவிக்குரிய நிலையாகக் கொண்டது. இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க, வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாத்தற் சட்டமும், உடல் அல்லது உளக் குறைபாட்டின் காரணமாக வாழ்க்கைத் தேவைகளைத் தாமாகவே முழுமையாகவோ பகுதியாகவோ நிறைவேற்றிக்கொள்ள இயலாதவரையே வலுவிழந்தவர் என வரையறுக்கிறது. வரைவிலக்கணத்தில் வாழ்வாதாரம் இடம்பெற்றிருப்பினும், அச்சட்டம் அத்தகையோருக்கு மாதவருமானம் எதனையும் உறுதிசெய்யவில்லை. தொழிலிலும் கல்வியிலும் பாரபட்சம் காட்டப்படலாகாது என்பதே அதன் முதன்மையான ஏற்பாடாகும். பாரபட்சமின்மை தொழில் தேடிச் செல்ல இயன்றவருக்குப் பயன்படும். தொழிலே செய்ய இயலாதவருக்கு அதனாற் பயன் சொற்பமே.

2. சட்டங்களின் வரலாறு

உழைப்பாளரின் உடலுக்கு நேரும் இடரைச் சமூகம் முழுவதும் பகிர்ந்து தாங்கவேண்டும் என்ற கருத்துக் கைத்தொழிற் புரட்சியின் விளைவாகும். பிஸ்மார்க்கின் ஜேர்மனி 1883 இல் நோய்க் காப்புறுதியையும், 1884 இல் விபத்துக் காப்புறுதியையும், 1889 இல் முதுமை, இயலாமைக் காப்புறுதியையும் ஏற்படுத்தியது. தொழிலாளர் மீதான அன்பு இதற்குக் காரணமன்று. வளர்ந்துவந்த சமவுடைமை இயக்கத்தின் வலிமையைக் குறைப்பதே அதன் அரசியல் நோக்கமாகும். ஆயினும், கட்டணம் செலுத்தி உரிமையாகப் பெறும் ஓய்வூதியம் என்னும் வடிவம் அங்கிருந்தே உலகெங்கும் பரவியது. பிரித்தானியா 1897 இல் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டத்தை இயற்றியது. அதன் வழியில் இலங்கையில் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் உருவாயிற்று.

இக் கட்டளைச்சட்டத்தில் ஒரு சிறப்பு உண்டு. காயத்தின் தன்மையை மட்டும் கருதாது, அதனால் ஏற்பட்ட சம்பாதிக்கும் ஆற்றலின் இழப்பை அது நூற்றுவீதத்தில் அளவிடுகிறது. கை, கால், விரல், கண் ஆகியவற்றின் இழப்புக்குரிய வீதங்கள் அதன் அட்டவணையிலே வகுக்கப்பட்டுள்ளன. நட்டஈட்டின் உச்சவரம்பு 2005 இல் 5,50,000 ரூபாவாகவும், 2022 இல் 20,00,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. எனினும், இது தொழில்கொள்வோர் ஒருவர் இருந்தாலன்றிப் பயன்தராது. காயம் தொழிலின் காரணமாகவும் தொழிலின்போதும் நேர்ந்ததென நிறுவப்படுதலும் வேண்டும். தொழிலோடு தொடர்பற்ற நோயால் மெல்ல மெல்ல வலுவிழப்பவரும், சொந்தத் தோட்டத்திலே விழுந்தவரும் இதன் எல்லைக்குள் வரமாட்டார்.

அதே 1934 ஆம் ஆண்டில் வறியோர் நிவாரணம் பற்றிய வெடர்பேர்ண் அறிக்கை வெளிவந்தது. அதன் பயனாக 1939 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வறியோர் கட்டளைச்சட்டம் நிறைவேறியது. அது கொழும்பு, கண்டி, காலி மாநகரசபைகளிலேயே நடைமுறைக்கு வந்தது. தீவின் ஏனைய பகுதிகளுக்கு மத்திய அரசின் பொதுசன உதவிப்பணமே வழியாக இருந்தது. ஆகவே, யாழ்ப்பாணத்து வறியவருக்கு உள்ளூராட்சி மன்றமொன்றின் மீது சட்டக் கடப்பாடு எதுவும் அன்று உருவாகவில்லை. அதிகாரியின் பரிசீலனையும் கருணையுமே அவருக்கு வாய்த்தவை.

1944 இல் நியமிக்கப்பட்ட ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழு 1947 இல் தனது அறிக்கையை வெளியிட்டது. சமூகக் காப்புறுதி முறையொன்றை அது விதந்துரைத்தது. பிரித்தானியாவில் 1942 இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கையின் சிந்தனைச் சூழலில் அது எழுதப்பட்டது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. 1948 இல் சமூக சேவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. காப்புறுதி முறையோ நிறுவப்படவில்லை. அதற்கு ஈடாக 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் ஊழியர் சேமலாப நிதி ஏற்படுத்தப்பட்டது. 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் நம்பிக்கை நிதியத்தை உருவாக்கியது. இன்று சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்துகின்றனர். நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்கொள்வோர் மட்டும் 3 வீதம் செலுத்துகின்றார்.

சேமலாப நிதிக்கும் காப்புறுதிக்கும் உள்ள வேறுபாடு பலராலும் கவனிக்கப்படுவதில்லை. நிரந்தரமான, முழுமையான இயலாமை ஏற்பட்டதென மருத்துவச் சான்று பெற்ற ஊழியர் ஓய்வு வயதுக்கு முன்னரே தமது சேமலாப நிதியை மீளப்பெறலாம். ஆனால் அவர் பெறுவது அவர் சேர்த்த தொகையும் அதன் வட்டியுமே ஆகும். ஐந்தாண்டுகள் உழைத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளத்தின் 20 வீதம் 60 மாதங்களுக்குச் சேர்ந்தால், வட்டியை விலக்கிப் பார்க்கையில், அது 12 மாதச் சம்பளத்துக்குச் சமமாகும். முப்பது வயதில் முள்ளந்தண்டு முறிந்து படுத்தவருக்கு எஞ்சிய வாழ்நாள் முழுவதற்கும் ஓராண்டுச் சம்பளமே கையிருப்பு. இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஐம்பத்தைந்தில் வலுவிழந்தவருக்கோ ஐந்தாண்டுச் சம்பளம் கிடைக்கும். எவருக்கு இழப்பு மிகப் பெரியதோ அவருக்கே மிகக் குறைவாகக் கிடைப்பது சேமிப்பு முறையின் இயல்பாகும். இடரைப் பகிரும் காப்புறுதி முறை இதற்கு நேர்மாறாக இயங்கும்.

3. ஒரே காயம், மூன்று விதி

மேற்கூறிய ஏற்பாடுகள் நடைமுறையில் எவ்வாறு இயங்குகின்றன என்பதை விளங்கிக்கொள்ள, ஒரே வகையான முள்ளந்தண்டுக் காயத்துக்கு ஆளான மூவரைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

முதலாமவர் பதினைந்து ஆண்டுச் சேவையுடைய அரசாங்கப் பாடசாலை ஆசிரியர். காயம் எங்கே நேர்ந்தது என்பது அவரைப் பொறுத்தவரை இன்றியமையாத வினாவன்று. மருத்துவச் சபை அவர் சேவைக்குத் தகுதியற்றவர் எனச் சான்றளித்தால், ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்படி இளைப்பாறி மாதாந்த ஓய்வூதியம் பெறுவார். அவரது குடும்பத்தின் சொத்தும் பிள்ளைகளின் வருமானமும் விசாரிக்கப்படுவதில்லை.

இரண்டாமவர் கம்பனியொன்றின் களஞ்சியத்தில் ஐந்தாண்டுகள் பணியாற்றியவர். காயம் வேலைத்தலத்தில் நேர்ந்திருந்தால் நட்டஈடு கோரலாம். சேமலாப நிதியையும் மீளப்பெறலாம். நம்பிக்கை நிதியத்தின் அங்கவீன நன்மைக்கும் விண்ணப்பிக்கலாம். அவர் பெறுபவை பெரும்பாலும் ஒரே தடவையிற் கிடைக்கும் தொகைகள். தொழில்கொள்வோர் அவரது பெயரைப் பதிந்து, கட்டணத்தை ஒழுங்காகச் செலுத்தியிருந்தால் மட்டுமே இவை யாவும் கைகூடும்.

மூன்றாமவர் இருபது ஆண்டுகளாகச் சீவல் தொழில் செய்தவர். பனையிலிருந்து விழுந்தார். மரம் ஒருவருடையது, கள் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செல்கிறது, கத்தியும் தளநாரும் முட்டியும் அவருடையவை. அவரது தொழில்கொள்வோர் யார்? சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் எவருமில்லை. அவருக்கு ஓய்வூதியமில்லை, சேமலாப நிதியில்லை, நட்டஈடுமில்லை. அவர் செல்லவேண்டிய இடம் பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவாகும். அங்கே அவரிடம் கேட்கப்படும் முதல்வினா, ‘உமது தொழிலை இழந்தீரா?’ என்பதன்று. ‘உமது குடும்பம் போதிய அளவுக்கு வறியதா?’ என்பதே.

மூவருள்ளும் மிகுந்த ஆபத்துள்ள தொழிலைச் செய்தவருக்கே பாதுகாப்பு மிகக் குறைவாக இருத்தல் கவனிக்கத்தக்கது. சாதி அமைப்பின் அடித்தளத்திலே தள்ளப்பட்ட சமூகங்களே குடாநாட்டில் இத்தகைய தொழில்களை நெடுங்காலமாகச் செய்துவந்துள்ளன. ஆகையால், சட்டத்தின் மௌனம் சாதி ஏற்றத்தாழ்வைப் புதிய வடிவிலே தொடரச்செய்கிறது எனலாம்.

4. குடாநாட்டின் பொருளாதார அமைப்பு

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்ற யாழ்ப்பாணத்துப் பழமொழி பெரும்பாலும் மத்தியதர வர்க்கத்தின் உத்தியோக மோகத்தை எள்ளுவதற்கே எடுத்தாளப்படுகிறது. அதன் பொருளாதார உள்ளடக்கம் வேறு. அரசாங்க உத்தியோகத்தின் கவர்ச்சி சம்பளத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. நோய் வந்தாலும் முதுமை வந்தாலும் நின்றுபோகாத ‘பென்சன்’ அதன் உயிர்நாடியாகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் ஏனைய அரச பகுதிகளிலும் பணியாற்றி இளைப்பாறிய யாழ்ப்பாணத்தவர் ஊருக்குக் கொணர்ந்ததும் அந்தப் பாதுகாப்பையே. மணியோடர் பொருளாதாரம் என ஆய்வாளர் வழங்கும் அமைப்பிலே பென்சன் பணம் ஒரு தூணாக விளங்கிற்று. ஆங்கிலக் கல்வி பெறும் வசதியிருந்த நிலவுடைமைக் குடும்பங்களே இதனால் முதன்மையாகப் பயனடைந்தன. ஆகவே, அப்பழமொழியைச் சொன்னவர் சமூகப் பாதுகாப்பின் அருமையை நன்கு அறிந்தவரே. அது எல்லோருக்கும் கிட்டவில்லை என்பதே பிரச்சினை.

அதே கிராமத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்கைபண்ணிய குத்தகைக் கமக்காரர், நாட்கூலிக்குத் தோட்டம் கொத்தியவர், மேசன் வேலை செய்தவர் ஆகியோரின் உழைப்புப் பதிவேடுகளில் ஏறவில்லை. கடற்றொழிலில் நிலைமை இன்னும் சிக்கலானது. கரைவலையில் செலவு கழித்து எஞ்சுவது சம்மாட்டிக்கும் தொழிலாளருக்கும் பங்காகப் பிரிக்கப்படுகிறது. பங்கு பெறுபவர் கூலியாளா, பங்காளியா? லாபத்தைப் பிரிக்கையில் அவர் கூலியாளைப் போலவே நடத்தப்படுகிறார். காயமடைந்தால் பங்காளி எனக் கூறப்பட்டுக் கைவிடப்படுகிறார். உற்பத்தி உறவின் இந்த இரட்டைத் தன்மையை வேலையாளர், தொழில்கொள்வோர் என்னும் இரு சொற்களைக் கொண்ட சட்டத்தினால் பற்றிப்பிடிக்க இயலவில்லை.

இக் குறையை நீக்க அரசு பிற்காலத்தில் சில முயற்சிகளை மேற்கொண்டது. 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் கமக்காரருக்கும், 1990 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டம் மீனவருக்கும் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்பு நன்மைத் திட்டங்களை ஏற்படுத்தின. அங்கவீனத்துக்கான நன்மைகளும் அவற்றில் அடங்கின. 1996 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தினாற் சமூகப் பாதுகாப்புச் சபை சுயதொழில் செய்வோருக்காக அமைக்கப்பட்டது. தாமே கட்டணம் செலுத்திச் சேரும் தன்னார்வத் திட்டங்கள் இவை.

இவ்வாண்டுகளைக் குடாநாட்டின் வரலாற்றோடு ஒப்புநோக்குவோம். 1987 மே மாதத்தில் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை நிகழ்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் இந்தியப் படையுடனான போர் மூண்டது. 1990 யூனில் மீண்டும் போர் வெடித்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990 இல் மூடுண்டதோடு பதிவேடுள்ள தொழிலொன்றும் குடாநாட்டிலிருந்து மறைந்தது. கடலிலே மீன்பிடித் தடைகளும் நிலத்திலே உயர்பாதுகாப்பு வலயங்களும் நிலவிய காலத்தில், மாதந்தவறாது கட்டணம் செலுத்திச் சந்தாதாரராக இருத்தல் எத்துணை பேருக்கு இயன்றிருக்கும்? நாட்டின் ஏனைய பகுதிகளில் முறைசாராத் தொழிலாளருக்குக் கதவு சற்றே திறக்கப்பட்ட காலம் குடாநாட்டுக்குப் போர்க்காலமாக அமைந்தது. கமக்காரர் ஓய்வூதிய நிதியமும் பின்னர் நெருக்கடிக்குள்ளாகி, 2012 இல் கொடுப்பனவுகள் தடைப்பட்டு, 2014 இலேயே மீளத் தொடங்கின. தன்னார்வச் சந்தாவை மட்டும் நம்பிய திட்டங்களின் வலுவீனத்தை இது காட்டுகிறது.

போர் தானும் உழைக்க இயலாதோரைப் பெருக்கியது. எறிகணையாலும் மிதிவெடியாலும் அவயவம் இழந்தோருக்கு யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கைக் கால்களைப் பொருத்தி அரும்பணி ஆற்றிவந்துள்ளது. நடக்கும் ஆற்றலை அது மீட்டுத்தந்தது. வருமானத்தை மீட்டுத்தரும் பொறுப்பு அரசினுடையது. கடமையின்போது அங்கவீனமுற்ற அரச படையினருக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் சட்டப்படி உண்டு. காயமுற்ற குடிமக்களுக்கு, 1987 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த புனர்வாழ்வு அதிகாரசபையின் ஊடாகவும், 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவான இழப்பீடுகளுக்கான அலுவலகத்தின் ஊடாகவும் ஒருதடவை இழப்பீடே பொதுவான வழியாக இருந்துவந்தது. ஒரே போரில் ஏற்பட்ட ஒரே விதமான காயம் ஒருவருக்கு மாதவருமானமாகவும் மற்றவருக்கு ஒருநாட் கொடுப்பனவாகவும் மாறியது.

5. இன்றைய உதவித்தொகை முறை

பதிவேட்டுக்கு வெளியே நிற்பவருக்கு இன்று இரு வழிகள் உள்ளன. ஒன்று, மாகாண சமூக சேவைத் திணைக்களம் வழங்கும் பொதுசன உதவிப்பணம். மற்றொன்று, வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவு. இரண்டுக்கும் வாயில் கிராம அலுவலரும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருமே ஆவர். யாழ்ப்பாண மாவட்டத்தில் இத்தகைய பிரதேச செயலகங்கள் 15 உள்ளன. வதிவுச் சான்றும் மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் வேண்டப்படும். பலதடவை இடம்பெயர்ந்து ஆவணங்களை இழந்த குடும்பங்களுக்கு இச்சான்றுகளைத் திரட்டுவதே ஒரு தொழிலாகிவிடும்.

மத்திய அரசின் கொடுப்பனவு முன்னர் மாதம் 3,000 ரூபாவாக இருந்து, 2019 இல் 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பின்னர் 7,500 ரூபாவாகி, 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத்திட்டத்தில் 10,000 ரூபாவாக்கப்பட்டது. நாளொன்றுக்கு இது ஏறத்தாழ 333 ரூபாவாகும். 2025 இன் தொடக்கத்தில் ஒருவர் தமது அடிப்படைத் தேவைகளை நிறைவேற்றுவதற்கென அரசே வகுத்த வறுமைக்கோடு மாதம் 16,000 ரூபாவுக்குச் சற்று மேலாக இருந்தது. ஆகவே, வறியவர் என நிறுவியபின் கிடைக்கும் உதவி, அவரை வறுமைக்கோட்டின் மூன்றில் இரண்டு பங்கிலும் குறைந்த அளவுக்கே உயர்த்துகிறது. மருந்து, போக்குவரத்து, உதவியாளர் எனச் சுகதேகிக்கு இல்லாத செலவுகள் அவருக்கு உண்டென்பது இக்கணக்கிற் சேரவில்லை.

தொகையைவிட முக்கியமானது எண்ணிக்கை. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் 8.7 வீதமானோர், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலிய செயல்களில் ஏதேனும் இடர்ப்பாடு உடையோராவர். 2023 இல் அஸ்வெசும திட்டம் தொடங்கப்பட்டபோது மாற்றுத்திறனாளர் கொடுப்பனவுக்கு வகுக்கப்பட்ட எல்லை 72,000 பேராகும். 16 இலட்சம் பேரும் உழைக்க இயலாதோர் அல்லர். அவர்கள் எல்லோரும் வறியோருமல்லர். அவ்வாறெனினும், இருபதில் ஒருவருக்கும் குறைவானோரையே அந்த எல்லை உள்ளடக்கியது. எண்ணிக்கை பின்னர் கூட்டப்பட்டபோதும் தத்துவம் மாறவில்லை. உரிமைக்கு எண்ணிக்கை எல்லை கிடையாது. தகுதியுள்ள ஆசிரியர் ஒருவரிடம், இவ்வாண்டுக்கான ஓய்வூதியங்கள் முடிந்துவிட்டன, காத்திருங்கள் என எவரும் கூறுவதில்லை. எல்லை வகுக்கப்பட்ட உதவியிலோ, தகுதி பெற்றபின்னும் காத்திருப்போர் பட்டியலொன்று உருவாகிறது.

2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின்கீழ் இயங்கும் அஸ்வெசும, குடும்பத்தை அலகாகக் கொண்டது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரநிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய துறைகளில் 22 குறிகாட்டிகளால் வறுமையை அது அளக்கிறது. அரசியல்வாதியின் சிபார்சுக் கடிதத்தைவிடக் குறிகாட்டிகள் மேலானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரு குறைகளைச் சுட்டுதல் வேண்டும். போருக்குப் பின்னர் வீட்டுத்திட்டத்திற் கிடைத்த கல்வீடு, உண்ண வழியற்ற குடும்பத்தையும் வசதியுள்ள குடும்பமாகக் காட்டக்கூடும். இரண்டாவதாக, குடும்பம் அலகாகும்போது உழைக்க இயலாதவர் தனி மனிதராகக் கருதப்படுவதில்லை. சகோதரரின் மோட்டார் சைக்கிளும் வெளிநாட்டிலுள்ள மகன் எப்போதாவது அனுப்பும் பணமும் அவரது தகுதியைப் பாதிக்கக்கூடும். உழைத்துத் தலைநிமிர்ந்து வாழ்ந்தவர் மகனிடமும் மருமகளிடமும் கையேந்தும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். அந்நிலையைத் தவிர்ப்பதே சமூகப் பாதுகாப்பின் நோக்கமாக இருத்தல் வேண்டும்.

பெண்களின் நிலை தனியே கருதத்தக்கது. சமையல், தண்ணீர் அள்ளுதல், ஆடு மாடு பராமரித்தல், பிள்ளை வளர்த்தல் ஆகிய உழைப்பைச் செய்துவந்த பெண் வலுவிழந்தால், இழக்கப்பட்ட வருமானம் என எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அவ்வுழைப்புக்கு முன்னரும் கூலி இருக்கவில்லை. மறுபுறத்தில், கணவரோ பிள்ளையோ படுக்கையில் விழுந்தால் அவரைப் பராமரிக்கும் பொறுப்பு அவளையே சேர்கிறது. நாட்கூலிக்குச் சென்ற பெண் அக்கூலியையும் இழக்கிறாள். ஒருவருக்கு நேர்ந்த காயம் இருவரின் உழைப்பை நிறுத்துகிறது. சட்டமோ ஒருவரையே காண்கிறது. சில வேளை அவரையும் காண்பதில்லை.

6. பிற இடங்களின் அனுபவம்

தொழில்கொள்வோர் ஒருவரை இனங்காண முடியாத தொழில்களில் சமூகப் பாதுகாப்பு இயலாது என வாதிப்போர் உளர். அயலிலுள்ள அனுபவங்கள் இவ்வாதத்தை மறுக்கின்றன. கேரளத்தில் வலுவான தொழிற்சங்க இயக்கத்தின் பயனாக 1969 இல் கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் இயற்றப்பட்டது. தொழிலாளியின் தனித்தனி எசமானைத் தேடி அலையாமல், கள் விற்பனைக்கு உரிமம் பெற்றவரிடமிருந்தே அச்சட்டம் நிதியைத் திரட்டியது. தமிழ்நாட்டில் 1982 இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டு, அதன் அடிப்படையிலே பிற்காலத்தில் தொழில்வாரியான நலவாரியங்கள் உருவாயின. கட்டடத் தொழிலைப் பொறுத்தவரை, 1996 ஆம் ஆண்டின் இந்திய மத்திய சட்டமொன்று கட்டடச் செலவில் ஒன்று முதல் இரண்டு வீதம்வரை தீர்வையாக அறவிட்டுத் தொழிலாளர் நலனுக்கு ஒதுக்க வழிசெய்தது. பதிவு புதுப்பித்தலிலும் நிதியைச் செலவிடுவதிலும் அவ்வாரியங்களில் குறைகள் பல உண்டு. ஆயினும் அடிப்படைத் தத்துவம் உறுதியானது: உழைப்பாளரின் எசமானை இனங்காண முடியாவிடினும், உழைப்பின் பயன் சந்தையை அடையும் வாயிலை இனங்காணலாம், அந்த வாயிலிலே நிதியைத் திரட்டலாம்.

குடாநாட்டில் அத்தகைய வாயில்கள் ஏலவே உள்ளன. 1970களிலிருந்து இயங்கிவரும் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைத் திரட்டி விற்கின்றன. மீன் கூறப்படும் சந்தைகளும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் கரையோரமெங்கும் உண்டு. வெங்காயமும் புகையிலையும் வியாபாரியின் கையினூடாகவே தெற்கே செல்கின்றன. கட்டடத்துக்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி பெறப்படுகிறது. இவ்விடங்களிற் சிறு தீர்வையொன்றை அறவிட்டு, அரசின் பங்களிப்பையும் சேர்த்து, இயலாமைக் காப்புறுதி ஒன்றை அமைப்பது நிர்வாக ரீதியில் இயலாத காரியமன்று. சுமையை நுகர்வோரும் வியாபாரியும் அரசும் பகிரும்போது தொழிலாளியின் சந்தாவை மட்டும் நம்பவேண்டிய நிலை எழாது.

முடிவுரை

இலங்கை 2016 பெப்ரவரியில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்புறுதி செய்தது. அதன் 28 ஆம் உறுப்புரை போதிய வாழ்க்கைத் தரத்தையும் சமூகப் பாதுகாப்பையும் உரிமையாக ஏற்கிறது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் போதிய வாழ்க்கைத் தரத்தை அரசின் வழிகாட்டற் கோட்பாடாக 27 ஆம் உறுப்புரையிற் கூறுகிறது. ஆனால் அக்கோட்பாடுகளை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாதென 29 ஆம் உறுப்புரை விலக்குகிறது. வாக்குறுதி உண்டு, வழக்குரிமை இல்லை என்பதே இதன் சாரம்.

மூன்று மாற்றங்கள் அவசியமாகின்றன. முதலாவது, உதவிக்குரிய தகுதி குடும்பத்தின் வறுமையால் அன்றித் தனிநபர் இழந்த உழைப்பாற்றலால் அளக்கப்படல் வேண்டும். 1934 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் அந்த அளவுகோலை வைத்திருந்தது என்பதை மறத்தலாகாது. இரண்டாவது, எண்ணிக்கை எல்லையும் காத்திருப்போர் பட்டியலும் நீக்கப்பட்டு, மறுக்கப்பட்டவர் முறையிடக்கூடிய சட்ட உரிமையாக உதவி மாற்றப்படல் வேண்டும். மூன்றாவது, முறைசாராத் தொழில்களுக்குச் சந்தை வாயிலில் நிதி திரட்டும் காப்புறுதி ஏற்படுத்தப்படல் வேண்டும். அதுவரைக்கும், உரியவர் விண்ணப்பிப்பதற்கும், மறுப்புக்கான காரணத்தை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்திற் கோருவதற்கும் தொழிற்சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் துணைநிற்கலாம்.

சட்டமொன்று மாறினால் மக்கள் வழக்கிலுள்ள சொல்லும் நாளடைவில் மாறும். ஆசிரியர் பெறுவதைப் பிச்சை என எவரும் அழைப்பதில்லை. அது அவர் உழைத்துத் தேடிய பென்சன். இருபது ஆண்டுகள் பனையேறியவரும் உழைத்தே தேடினார். அவருக்கு வழங்கப்படுவதிலிருந்து முற்பாதிச் சொல்லை நீக்கிச் சம்பளம் என்பதை மட்டும் நிலைநிறுத்துவதே சமூகநலக் கொள்கையின் பணியாகும்.